மூணு லீவரா, ரெண்டா, ஒண்ணா? செஸ்னா 182 vs சிர்ரஸ் எஸ்ஆர்22 vs டயமண்ட் டிஏ40 என்ஜி

இந்த மூணுமே ஒத்தை எஞ்சின் சின்ன விமானங்கள், பவர கையாள எதுல எத்தனை லீவர்னுதான் இங்க பார்க்கறோம். செஸ்னா 182-ல கருப்பு த்ராட்டில் (பவர்), நீல ப்ரொப்பெல்லர் (ஆர்பிஎம், அதாவது ப்ரொப்பெல்லர் சுத்தற வேகம்), சிவப்பு மிக்ஸ்சர் (எரிபொருள்-காத்து கலவை)னு மூணு நாப். பவர் ஏத்தணும்னா முதல்ல ஆர்பிஎம், அப்புறம் த்ராட்டில், குறைக்கணும்னா அப்படியே தலைகீழா, இத மாத்திப் பண்ணா எஞ்சினுக்குத்தான் கஷ்டம். தரையிறங்கும்போது சரியா வரல, கோ-அரவுண்ட் (இறங்காம மறுபடி மேல ஏறறது) போகணும்னா மூணும் முன்னாடி போயிருக்கணும், அதே நேரத்துல மூக்கு மேல எகிறும், ரட்டர் (வால் சுக்கான்) பெடல மிதிக்கணும், இறக்கையில இறக்கி வச்ச ஃப்ளாப்ப கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். புதுசா கத்துக்கறவங்க தலையில இவ்வளவையும் ஏத்தறது எனக்குப் பிடிக்கல.

எஸ்ஆர்22 பாதி வழி வந்து நிக்குது. த்ராட்டில இழுத்தா அதோட இணைஞ்ச ஒரு கேம் (மெக்கானிக்கல் இணைப்பு) ப்ரொப் கவர்னரையும் (ப்ரொப்பெல்லர் வேகத்த கட்டுப்படுத்தறது) சேர்த்து இழுக்கும், ஃபுல்லா தள்ளினா 2700 ஆர்பிஎம், க்ரூஸ்ல 2500. எல்லாம் கேபிள்தான், கரண்ட் போனாலும் கவலையில்ல. ஆனா த்ராட்டில் திறந்தபடியே ஆர்பிஎம்மை மட்டும் இறக்கி சத்தமில்லாம போகலாம்னா வழியில்ல. மிக்ஸ்சர் இன்னும் நம்ம கையில, தூரமா போறவங்க லீன் பண்ணி (கலவையில எரிபொருள குறைச்சு) பெட்ரோல் மிச்சம் பிடிக்கலாம், அது நல்ல விஷயம்.

டிஏ40 என்ஜி-ல ஒரே லீவர், கார் ஆக்சிலரேட்டர் மாதிரி. திரையில லோடு எத்தனை சதவீதம்னு காட்டும், எரிபொருள், டர்போ, ப்ரொப் பிட்ச் (பிளேடு கோணம்) மூணையும் இசியு (எஞ்சினோட கம்ப்யூட்டர்) பாத்துக்கும். ஏ, பி-ன்னு ரெண்டு இசியு, ஒண்ணு மக்கர் பண்ணா இன்னொண்ணு எடுத்துக்கும். கோ-அரவுண்ட்ல ஒரே தள்ளு, முடிஞ்சது.

ஆனா லீவர் குறைஞ்சதும் வேலை கரண்ட் பக்கம் போயிடுது. 2007 மார்ச்ல ஜெர்மனி ஷ்பையர்ல தீலர்ட் கம்பெனி எஞ்சின் போட்ட டிஏ42 (டயமண்டோட ரெட்டை எஞ்சின் விமானம்) ஒண்ணு, பேட்டரி டவுனா இருந்ததால வெளிக் கரண்ட்ல ஸ்டார்ட் பண்ணிக் கிளம்புச்சு. டேக்-ஆஃப் ஆனதும் சக்கரத்த உள்ள இழுத்தாங்க, அந்த மோட்டார் கரண்ட்ட உறிஞ்சினதுல வோல்டேஜ் இறங்கி இசியு ரீசெட் ஆச்சு, ரெண்டு ப்ரொப்பும் ஃபெதர் ஆகி (பிளேடு காத்துக்கு நேரா திரும்பி) ரெண்டு எஞ்சினும் போச்சு. டிஏ40 என்ஜி-ல சக்கரம் மடங்காது, இசியு-வுக்குத் தனி பேக்கப் பேட்டரியும் இருக்கு, அதனால இந்தக் கதை அப்படியே இங்க நடக்காது.

கத்துக்கறவங்களுக்கும் வார இறுதியில மட்டும் பறக்கறவங்களுக்கும் நான் டிஏ40தான் சொல்வேன். பேட்டரி டவுனா இருந்தா மட்டும் ஜம்ப் ஸ்டார்ட் பண்ணி உடனே கிளம்பாதீங்க, மெக்கானிக்க கூப்பிட்டு சரி பண்ணிட்டு, இசியு டெஸ்ட் பாஸ் ஆன பிறகு போங்க. சொந்த விமானம் வச்சு எஞ்சின நுணுக்கமா கையாளணும்னு ஆசைப்படறவங்க 182 எடுங்க.