அண்ணி தைத்த பந்துப் பை

இலங்கை மலையகத்தில் டிக்கோயா வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் காலை, ராத்திரி தூங்கும்போது நான் மாட்டிக்கொள்ளும் பல் உறையை அண்ணி கொதிநீரில் போட்டுக் கழுவி வைத்திருந்தார். பாசத்தில் செய்தது. எடுத்துப் பார்த்தால் உறை முறுக்கிக்கொண்டு கிடந்தது, வாயில் ஏறவே இல்லை.

லண்டனில் அதற்காக ஏழு மாதம் காத்திருந்தவன் நான். விரலில் கிளிப் மாட்டி வீட்டிலேயே ஒரு ராத்திரி பரிசோதனை. தூக்கத்தில் மணிக்கு 9 தடவை மூச்சு தடைப்படுகிறது என்று வந்தது. 5 முதல் 15க்குள் என்றால் லேசான ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்க மூச்சுத்தடை. கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடித்து, நாக்கு சரிந்து தொண்டையை அடைக்காமல் காப்பதுதான் உறையின் வேலை.

கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணினேன், அதாவது ஸ்பெஷலிஸ்ட் டாக்டரைப் பார்க்க நம்பர் எடுத்தேன். கினிகத்தேனை வளைவுகளில் குலுங்கிப் போய்ச் சேர்ந்தால் நம்பர் 23. நாலு மணிக்கு வரவேண்டிய டாக்டர் ஆறேகாலுக்கு வந்தார். நான் நீட்டிய ரிப்போர்ட்டைப் பிரிக்கக்கூட இல்லை. "சீபேப் மெஷின் வாங்குங்க." மூன்றே நிமிடம். மாஸ்க் வழியே காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் அந்த மெஷின் நல்லதுதான், கடுமையாக இருப்பவர்களுக்கு உயிர் மாதிரி. ஆனால் எப்படிப் படுக்கிறாய், எடை கூடியதா, குடிப்பாயா, பகலில் தூங்கி விழுகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? நினைத்தால் இன்னும் கொதிக்கிறது. லண்டனில் காக்க வைப்பார்கள்தான், ஆனால் கேட்காமல் அனுப்பமாட்டார்கள்.

மறுநாள் ஹட்டனில் ஒரு சின்ன பல் கிளினிக். இளம் டாக்டர், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ரிப்போர்ட்டை வரிவரியாகப் படித்தார்.

"அண்ணே, இங்க பாருங்க. மல்லாந்து படுத்தா மணிக்கு 16 தடவ மூச்சு தடைப்படுது, ஒருக்களிச்சா 4 தடவதான். அவசரத்துல உறை செய்ய வேணாம், ரெண்டு மூணு தடவ திருத்தணும், அதுக்குள்ள நீங்க போயிருவீங்க. அதுவரைக்கும் ஒருக்களிச்சுப் படுங்க. ராத்திரி சாராயம் வேணாம், அது தொண்டைத் தசையத் தளர்த்திரும்."

பழைய பனியன் முதுகில் பை தைத்து ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அன்று ராத்திரியே அண்ணி தைத்துத் தந்தார். புரண்டால் பந்து குத்தும், தானாகத் திரும்பிப் படுப்பேன். காலையில் தலைப்பாரமே இல்லை.

கிளம்பும்போது டாக்டர் கேட்டார்: "வீட்டுல வேற யாருக்கும் கொறட்டை இருக்கா?" அண்ணனுக்கு இருக்கிறது. வேன் ஓட்டுகிறவர், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். "அப்போ மொதல்ல அவருக்குத்தான் பரிசோதனை" என்றார்.

மீதி நாளெல்லாம் அண்ணனிடம் கெஞ்சினேன். நான் கிளம்பும் நாள் வரை அவர் சம்மதிக்கவில்லை.