ஸோல் ஏ.இ.டி. பிளஸ்: கால்பந்து மைதானத்துக்குச் சரிப்படுமா?

ஏ.இ.டி. என்பது தாறுமாறாகத் துடித்து நின்றுபோகும் இதயத்தை மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுத்து மீட்கும் தானியங்கிக் கருவி. ஸோல் நிறுவனத்தின் பிளஸ் அதில் ஒரு மாடல்.

2023 டிசம்பர் 16. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் போர்ன்மவுத்–லூட்டன் ஆட்டம் 1-1 என்றிருந்தபோது லூட்டன் கேப்டன் டாம் லாக்கியர் இதயம் நின்று விழுந்தார். கைவிடப்பட்ட அந்த ஆட்டத்தை அடுத்த மார்ச்சில் முதலிலிருந்து ஆடினார்கள். 0-3 என்று பின்தங்கிய போர்ன்மவுத் 4-3 என வென்றது. 2024 டிசம்பர் 1-ல் இத்தாலியக் கிளப்பான ஃபியோரன்டினாவின் எடோர்டோ போவே, இன்டருடனான ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் சாய்ந்தார். பிப்ரவரியில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த அந்த ஆட்டத்தில் ஃபியோரன்டினாவுக்கு 3-0 வெற்றி. இருவரும் பிழைத்துவிட்டார்கள்.

முன்கூட்டியே ஈ.சி.ஜி., எக்கோ எடுத்தால் போதாதா? எடுக்கத்தான் வேண்டும். ஆனால் டாட்டன்ஹாம் கிளப்பில் இருந்தவரை டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சனுக்கு நடந்த சோதனைகளில் குறை எதுவும் தெரியவில்லை. 2021 யூரோ ஆட்டத்தில் இதயம் நின்று விழுந்த அவரை மீட்டது சி.பி.ஆரும் (மார்பை அழுத்தித் தரும் முதலுதவி) ஒரே ஒரு ஷாக்கும். ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. ஆகவே கிளப்புக்கு ஏ.இ.டி. வேண்டுமா என்பதில் பேச்சே இல்லை. எது என்பதுதான் கேள்வி.

ஷாக் கொடுப்பதில் எந்த நல்ல பிராண்டும் சளைத்ததில்லை. பிளஸ் முந்துவது மார்பை அழுத்தும் வேலையில். இதன் பெரியவர்களுக்கான பேட் (ஷாக் கொடுக்க மார்பில் ஒட்டும் பட்டை) ஒரே துண்டாக வருகிறது. நடுவில் இருக்கும் சென்சார் மார்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். நிமிடத்துக்கு 100–120 அழுத்தம், 5–6 செ.மீ. ஆழம் என்பது கணக்கு. பதற்றத்தில் பலர் பாதி ஆழத்தோடு நிறுத்திவிடுவார்கள். கருவி தாளம் போட்டுக் காட்டும், ஆழம் போதாவிட்டால் இன்னும் பலமாக அழுத்தச் சொல்லும். வாரம் ஒருமுறை பயிற்சி எடுக்க முடியாத சின்னக் கிளப்புகளுக்கு இந்த ஒரு வசதியே போதும், வாங்கலாம்.

ஒரு சிக்கல் உண்டு. சென்சார் அளப்பது தன் அசைவைத்தான். ஆட்டக்காரரை மெத்தை போட்ட ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டு அழுத்தினால், மெத்தை அமுங்குவதையும் ஆழமாக எடுத்துக்கொண்டு 'சரி' என்று சொல்லிவிடும். தரையிலேயே வைத்து அழுத்துங்கள்.

பை தயார்நிலையில் இருக்க வேண்டும். கத்தரி, ரேசர், துண்டு மூன்றும் கருவியோடு சேர்ந்தே இருக்கட்டும். ஜெர்ஸியை மட்டும் வெட்டினால் போதாது, உள்ளே ஜி.பி.எஸ். டிராக்கர் வைத்த இறுக்கமான உள்சட்டை இருக்கும், அதையும் வெட்டி எடுக்க வேண்டும். வியர்வையைத் துடைக்காமல் ஒட்டினால் பேட் பிடிக்காது. அடர்ந்த முடி இருந்தால் மழித்துவிட்டு ஒட்டுங்கள். யாரும் மோதாமலே விழுந்தவர் கூப்பிட்டும் அசையவில்லையா, இதயம் நின்றதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கை கால் வெட்டி இழுப்பதையும் நடுநடுவே வரும் மூச்சுத் திணறலையும் பார்த்து வலிப்பு என்று நினைத்துக் காத்திருப்பதில்தான் நிமிடங்கள் போகின்றன.

பராமரிப்பில்தான் பிளஸ் கொஞ்சம் படுத்தும். 123 ரக லித்தியம் பேட்டரி 10 வேண்டும், கையேடு சொல்லும் பிராண்டில். பத்தையும் ஒன்றாக மாற்ற வேண்டும். புதிதாகப் போட்டதும் பேட்டரி அறைக்குள் இருக்கும் பொத்தானை அழுத்துங்கள். பழைய பேட்டரியை எடுத்துத் திரும்பப் போட்டுவிட்டு அழுத்தினால் கருவி அதைப் புதிது என்று நம்பிவிடும். பெரியவர் பேட்டுக்கு ஆயுள் 5 ஆண்டு. ஆட்ட நாளன்று பச்சை டிக் தெரிகிறதா, சிவப்புப் பெருக்கல் குறியா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே எடுத்து வையுங்கள். எடை 3 கிலோவுக்கு மேல், இன்னொரு ஏ.இ.டி.யான பிலிப்ஸ் எஃப்.ஆர்.எக்ஸ். போல இரண்டு மடங்கு. தூக்கிக்கொண்டு ஓடுபவருக்கு அது தெரியும். சாரல் மழை தாங்கும், ஆனால் வெப்ப வரம்பு 50 டிகிரி. வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் வைக்கவே கூடாது. பூட்டிய அலுவலக அறையும் வேண்டாம்.

8 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் ஆடும் அகாடமி என்றால் குழந்தைகள் பேட்டைத் தனியே வாங்க வேண்டும். அதில் ஆழம் சொல்லும் வசதி கிடையாது. பழைய கருவி மலிவாக வந்தால் மென்பொருள் புதுப்பித்ததா என்று கேளுங்கள். 2010-க்கு முந்தைய சி.பி.ஆர். வழிகாட்டுதலில் ஆழம் 4–5 செ.மீ. என்றுதான் இருந்தது, புதுப்பிக்காத கருவி அந்தக் கணக்கிலேயே திருப்திப்பட்டுவிடும். புதுப்பித்துத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் பேரம் பேசுவதில் பயனில்லை.