யூஸ்ட் டு, வுட், சாதா பாஸ்ட் டென்ஸ்: பழைய கதைக்கு எது சரி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் ஒரு பையன் இன்டர்வியூ முடித்துவிட்டு நொந்துபோய் வந்து உட்கார்ந்தான். தினமும் ஐந்து மணிக்கு எழுந்திருப்பது வழக்கம் என்று சொல்ல நினைத்து, "ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ்" என்றிருக்கிறான். எதிரில் இருந்தவர், "ஏன் தம்பி, இப்போ நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "நான் எப்ப சார் நிறுத்துனேன்?" என்றான் என்னிடம்.

தப்பு அவன்மேல் இல்லை. 'யூஸ்ட் டு என்றால் வழக்கம்' என்று நாம் நோட்டில் எழுதவைத்ததுதான் வினை. தமிழில் 'எழுந்திருப்பது வழக்கம்' என்றால் அதில் காலமே கிடையாது. அன்றைக்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும். யூஸ்ட் டு முழுக்க முழுக்கப் பழைய கணக்கு. முன்பு உண்டு, இப்போது இல்லை என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். இன்றைய பழக்கத்துக்கு "ஐ யூஷுவலி கெட் அப் அட் ஃபைவ்" போதும்.

அந்த எல்லைக்குள் நின்றுவிட்டால் யூஸ்ட் டு நம்பகமான ஆள். பழக்கமும் சொல்லும், நிலைமையும் சொல்லும். தாத்தா தினமும் கடற்கரைக்கு நடந்துபோனார் என்பதற்கும் அதுதான். புதுச்சேரிக்கு முன்பு பாண்டிச்சேரி என்று பெயர், விழுப்புரம் முன்பு தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது என்பதற்கும் அதுதான்.

வுட் அப்படியில்லை. நமக்கு அது எளிதாக வரவேண்டிய சொல், ஆனால் நம்மை மாட்டிவிடுவதும் அதுதான். 'அப்பெல்லாம் தாத்தா விடியற்காலையில் தேவனாம்பட்டினம் போவார், மீன் வாங்கி வருவார், திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.' கவனித்தீர்களா? போவார், வருவார், படிப்பார் எல்லாம் எதிர்கால வினை. நடந்ததோ ஐம்பது வருஷத்துக்கு முன்னால். நாம் எதிர்கால விகுதியைப் போட்டுப் பழைய பழக்கத்தைச் சொல்கிறோம். ஆங்கிலமும் வில் என்பதன் இறந்தகால வடிவமான வுட்டை வைத்து அதையே செய்கிறது. "ஹி வுட் கோ, ஹி வுட் பை ஃபிஷ்." இந்த ஒற்றுமையை எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்ற வருத்தம் இன்னும் உண்டு.

சரி, மாட்டிவிடுவது எங்கே? 'இருக்கும்' என்ற சொல்லில். 'அந்த முக்கில் அப்போ ஒரு தியேட்டர் இருக்கும்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். அதே பழக்கத்தில் "தேர் வுட் பி எ தியேட்டர்" என்றால், இனிமேல் வரப்போகிற தியேட்டரோ என்று கேட்பவர் குழம்புவார். "தேர் யூஸ்ட் டு பி எ தியேட்டர்" என்பதுதான் சரி. லிவ், நோ, லைக், ஹாவ் மாதிரி நிலைமையைச் சொல்லும் வினைகளுக்கெல்லாம் இதே கதி. "ஐ வுட் லிவ் இன் ஓ.டி." என்றால் ஓல்டு டவுனில் வாழ்ந்ததாக அர்த்தம் வராது, வாடகை குறைந்தால் போவேன் என்பதுபோல ஏதோ நிபந்தனை வரப்போகிறது என்று காத்திருப்பார்கள்.

இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். வாக்கியத்தில் 'ஒவ்வொரு தடவையும்' என்று சேர்த்துப் பாருங்கள். 'மழை பெய்தால் ஒவ்வொரு தடவையும் தெரு முழுக்கத் தண்ணீராக இருக்கும்.' பொருந்துகிறது, அதனால் வுட் பி போடலாம். 'ஒவ்வொரு தடவையும் அந்த முக்கில் தியேட்டர் இருக்கும்.' சிரிப்பு வருகிறது, அதனால் போடக்கூடாது.

பாண்டியிலிருந்து வரும் பிள்ளைகளில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இந்தப் பிரிவினையே அநியாயமாகப் படும். அங்கே ஆம்பர்ஃபே என்ற ஒரே காலம் பழக்கத்தையும் நிலைமையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில்தான் இரண்டு பேர்.

மூன்றாவது, சாதா பாஸ்ட் டென்ஸ். இதில் அலச அதிகம் இல்லை. பழக்கம், நிலைமை, ஒரே ஒரு முறை நடந்தது என்று எங்கே போட்டாலும் இலக்கணப் பிழை வராது. எத்தனை தடவை, எத்தனை வருஷம் என்று கணக்குச் சொன்னால் இது மட்டும்தான். பாண்டியின் பழைய துறைமுகப் பாலம் 1952 புயலில் விழுந்தது. அதற்கு யூஸ்ட் டு போட்டால் பாலம் அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது என்றாகிவிடும். குறை என்னவென்றால், "ஹி வென்ட் டு தி பீச்" என்றால் ஒரு நாள் போனாரா, தினமும் போனாரா என்று தெரியாது. எவ்ரி டே என்று ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

உச்சரிப்பு: யூஸ்ட்டு என்று அழுத்தமான ஸ்-தான், தேனீ சத்தம் வேண்டாம். எதிர்மறைக்கு டிட்ன்ட் வந்துவிடுவதால் எழுத்தில் கடைசி டி எழுத்து போய்விடும். அப்புறம் "ஐ ஆம் யூஸ்ட் டு" என்பது வேறு குடும்பம், 'எனக்குப் பழகிப்போச்சு' என்று அர்த்தம். இங்கே அதை இழுக்க வேண்டாம்.

என் ஓட்டு கூட்டணிக்குத்தான். யூஸ்ட் டுவை வைத்துக் கதையைத் தொடங்குங்கள். காலம் புரிந்தபின் வுட் வரட்டும். நிகழ்ச்சி வந்தால் பாஸ்ட் டென்ஸ். அந்தப் பையனுக்குப் பண்ருட்டிப் பக்கம் சொந்த ஊர். நேற்று எழுதிக் காட்டினான்: "வீ யூஸ்ட் டு ஹாவ் எ ஜாக்ஃப்ரூட் ட்ரீ. எவ்ரி சம்மர் மை கிராண்ட்மதர் வுட் கட் தி ஃபர்ஸ்ட் ஃப்ரூட். இட் ஃபெல் இன் தானே." தானே புயலைச் சொல்கிறான். முதலில் மூன்று வாக்கியத்திலும் யூஸ்ட் டு போட்டிருந்தானாம். பலாமரம் வருஷா வருஷம் விழுமா என்று அவனே அடித்துத் திருத்தியிருக்கிறான்.