மரமீன் செட்: கத்தி தேறும், சில்வர் தேறாது

பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் எங்களுக்குப் பாதி வேலைதான். நாட்டுப்படகுகளுக்குப் போகும் ஐஸ் கணக்கு பதினோரு மணிக்குள் முடிந்துவிடும். போன தடைக்காலத்தில் அப்படி மிஞ்சிய மதியங்களுக்காகத்தான் ஆன்லைனில் இந்த செட்டை வாங்கினேன். சின்னச் சின்ன மரமீன் செதுக்கி, நிஜ மீன் போலவே பெயின்ட் அடிப்பதற்கான செட். 1,890 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம். இதே சாமான்களை நாலைந்து பெயரில் பார்த்தேன், அட்டைப்பெட்டியின் படம்தான் வேறு.

பெட்டிக்குள் மூன்று கத்தி, ஒரு தோல் பட்டை, அதில் தேய்க்கப் பச்சை மெழுகுக் கட்டி, எட்டு மரக்கட்டை, பன்னிரண்டு அக்ரிலிக் கலர், மூன்று பிரஷ், உப்புத்தாள், ஒரு கையுறை, பிளாஸ்டிக் கண் ஒரு பாக்கெட், மாதிரிப் படம் ஒரு தாள் இருந்தன.

கத்தி வரும்போது பதமாக இல்லை. முதல் நாள் கட்டையைச் சீவினால் சுருளாக வரவில்லை, பிய்ந்து பிய்ந்து வந்தது. எனக்குத்தான் கை வரவில்லை என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தோல் பட்டையில் பச்சை மெழுகைப் பூசி, பழைய சலூன்களில் சவரக்கத்தியைத் தோல்வாரில் இழுப்பார்களே, அப்படி முதுகுப்பக்கமாக ஐம்பது தடவை இழுத்தேன். அதோடு கத்தியே வேறாகிவிட்டது. இப்போது அரைமணி நேரத்துக்கு ஒருமுறை பத்து இழுப்பு இழுத்துக்கொள்கிறேன். கூர் நன்றாக நிற்கிறது. பணம் கொடுத்ததற்கு வருத்தப்படாத ஒரே பொருள் இந்தக் கத்திதான்.

ஆனால் நம் ஊருக்கு ஒரு எச்சரிக்கை. இது துருப்பிடிக்கிற இரும்பு. ஜன்னலைத் திறந்தால் கடல் என்கிற வீட்டில் நாலே நாளில் அலகில் மஞ்சள் புள்ளி விழுந்துவிட்டது. பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவித் துணியில் சுற்றி வைக்கிறேன். மூன்றாவது கத்தி கொக்கி மாதிரி வளைந்தது, கரண்டி குடைவதற்கானது. மீனில் அதற்கு வேலையே இல்லை. கையுறையை மட்டும் கழற்றாதீர்கள், நான் ஒரே ஒருநாள் கழற்றினேன், கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது.

மரம் பாஸ்வுட். நம் மரமில்லை. வெளுப்பாக, லேசாக, வெண்ணெயை வெட்டுவது போல இருக்கும். குறை அளவில்தான். ஐந்து அங்குல நீளம், அகலமும் கனமும் ஒரு அங்குலம். சூடை என்கிற சின்ன வெள்ளி மீனுக்குச் சரி, ஊசி மாதிரி நீளமான முரல் மீனுக்கு ரொம்பவே சரி. காரல் மீனுக்கு? காரல் அகலம், தட்டை. இரண்டு கட்டையைப் பக்கம் பக்கமாக ஃபெவிகால் போட்டு ஒட்டி ஒரு ராத்திரி கயிறு கட்டி வைத்தால்தான் ஒரு காரலுக்கு உடம்பு கிடைக்கிறது. கட்டை தீர்ந்ததும் வத்தை என்கிற நாட்டுப்படகு கட்டுகிற ஆசாரி ஒருவரிடம் குமிழ் மரத் துண்டு வாங்கினேன். கொஞ்சம் கெட்டி, ஆனால் சுத்தமாக வெட்டுப்படுகிறது.

மாதிரிப் படத்தில் இருப்பது ட்ரவுட். ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் இருக்கிறதே, அது. பாம்பனில் உட்கார்ந்து ட்ரவுட் செதுக்க எனக்கு என்ன தலைவிதி? அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். மீன் விற்கிற என் மாமியாரின் கூடையிலிருந்து ஒரு சூடையை எடுத்துத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, கார்பன் பேப்பரில் கட்டைக்கு ஏற்றினேன். இங்கே நிஜ அளவே கைக்குள் அடங்கும் மீன்கள் எத்தனையோ இருக்கின்றன, சின்னதாக்க வேண்டிய அவசியமே இல்லை.

செட்டில் சொல்லித்தராத ஒன்று துடுப்பு. மரத்தின் நார் தலையிலிருந்து வாலுக்கு ஓடுகிற மாதிரி கட்டையைப் பிடித்தால் உடம்பும் வாலும் பலமாக இருக்கும். முதுகுத்துடுப்பு மட்டும் நாருக்குக் குறுக்கே நிற்கும், மெல்லிசாக்கினால் படக்கென்று போய்விடும். மூன்று துடுப்பு போனபிறகு ஐஸ்கிரீம் குச்சிக்கு மாறினேன். குச்சியைத் தாள் மாதிரிச் சீவி, காம்பஸ் முனையால் முள்வரி கீறி, முதுகில் ஒரு பள்ளம் வெட்டிச் சொருகினால் நிற்கிறது.

இனி கலர். சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் சுமார். அந்த சில்வர்தான் மகா மட்டம். அது மீன் சில்வர் இல்லை, பீரோவுக்கு அடிக்கிற சில்வர். முதல் சூடைக்கு அதைப் பூசிக் காயவைத்து மாமியிடம் காட்டினேன். மாமி என் வீட்டுக்காரரின் அம்மா, முப்பது வருஷமாகக் கூடையில் மீன் விற்கிறவர். கையில் வாங்கி ஒரு திருப்பு திருப்பினார்.

“ஏம்மா, இது ஐஸ்ல ரெண்டு நாள் கெடந்த மீனுல்ல?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“கண்ணு பாரு, உள்ள போயிருச்சு. தோலும் செத்துப்போயிருச்சு. இத யாரு வாங்குவா?”

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. செட்டில் வந்த பிளாஸ்டிக் கண் தட்டை, அதைக் குழிக்குள் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். புது மீனுக்குக் கண் வெளியே பிதுங்கி, தெளிவாக இருக்கும். குழி விழுந்தால் பழசு. ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் ரூபாய் கொடுத்து நான் வாங்கியது பழைய மீன் செய்கிற செட்!

மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1971-இல் கொச்சிக்குப் போகும்வரை தலைமையிடமே அதுதான். அங்கே குப்பிகளில் மீன்கள் வைத்திருப்பதைப் பார்த்துக் கலர் படிக்கலாம் என்று ஒரு சனிக்கிழமை போனேன். உருவத்துக்கு அருமை, முள் எண்ணிக்கைகூட எடுத்துக்கொள்ளலாம். கலருக்கு உதவாது, மருந்துத் தண்ணீரில் எல்லாம் வெளுத்துவிடுகிறது. கலர் வேண்டுமென்றால் விடிகாலையில் நாட்டுப்படகு கரை சேரும்போது போய் நிற்க வேண்டும். நகரை மீனின் சிவப்பெல்லாம் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். போனில் படம் எடுத்துவிடுங்கள்.

அப்படி நின்று பார்த்தபோதுதான் புரிந்தது, சூடையில் சாம்பல் நிறமே கிடையாது. மீன் தோலில் குவானின் என்று ஒரு பொருள், கண்ணாடிச் சில்லு போல அடுக்கடுக்காக இருக்கிறது. பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை அது காட்டும். பச்சைச் சட்டிக்குள் பச்சை அடிக்கும், என் புடவைக்குப் பக்கத்தில் ஊதா அடிக்கும். ஒரே ட்யூப் சில்வரை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. ராமநாதபுரம் ஸ்டேஷனரிக் கடையில் முத்து மாதிரிப் பளபளக்கிற பெவிக்ரில் பேர்ல் கலர் மூன்று வாங்கினேன். மரத்தின் நுண்துளைகளை அடைக்கிற சாண்டிங் சீலர் அடித்து, 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, முதுகுக்குக் கருநீலம், வயிற்றுக்கு வெள்ளை, நடுவில் இரண்டையும் ஈர பிரஷால் கலந்துவிட்டேன். அதன்மேல் பேர்ல் வெள்ளையைத் தண்ணீர் மாதிரிக் கரைத்து ஆறு கோட். ஒவ்வொரு கோட்டும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. நாலாவது கோட் வரை ஒன்றுமே தெரியாது, பொறுக்க வேண்டும்.

செதிலுக்குக் கொசுவலை. கிழிந்த கொசுவலையில் ஒரு துண்டை மீன்மேல் இழுத்து, வயிற்றுப்பக்கம் துணிக் கிளிப் போட்டு இறுக்கி, ஸ்பான்ஜில் கொஞ்சூண்டு கலர் தொட்டு ஒற்றினால் வரிசை வரிசையாகச் செதில் விழுகிறது. வலை எங்கேயாவது தொளதொளவென்று இருந்தால் அந்த இடத்தில் அப்பிக்கொள்ளும். மீன்காரி வீட்டில் மீன்வலைக்கா பஞ்சம் என்று கேட்காதீர்கள், அந்தக் கண்ணி இதற்கு ரொம்பப் பெரிசு.

கண்ணைக் கையால் வரைகிறேன். முதலில் தங்கக் கலர் வட்டம், உள்ளே கறுப்பு. அந்தக் கறுப்பு முழு வட்டமாக இருக்கக் கூடாது, மூக்குப் பக்கம் லேசாகக் கூராக இழுக்க வேண்டும், அதில்தான் மீனுக்குப் பார்வை வருகிறது. காய்ந்ததும் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு, காயவிட்டு இன்னொரு சொட்டு. நாலைந்து சொட்டில் கண் மேடாகப் பிதுங்கிவிடும். ஃபேன்ஸி ஸ்டோரில் முப்பது ரூபாய் பாட்டில்.

ஆக, வாங்குவதானால் கத்தி ஒன்று, தோல் பட்டை, கையுறை இவற்றைத் தனியாக வாங்குங்கள். எண்ணூறு ரூபாய்க்குள் முடியும். செட்டுக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டேன், இரண்டும் கத்திக்கு.

நாலாவது சூடையை ஒன்றும் சொல்லாமல் மாமியின் கூடை ஓரத்தில், நிஜ மீன்களுக்கு நடுவே வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் மாமி அதைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். பழக்கதோஷம், செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கக் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து நெம்பிவிட்டார். ஆறு கோட்டும் ஒரு சில்லாகப் பெயர்ந்து வந்தது. அந்த இடத்துக்கு இன்னும் கலர் அடிக்கவில்லை, அப்படியே டிவி மேல் வைத்திருக்கிறேன்.