எண்ணம், நோக்கம், முக்கியம்: மேசையில் கிடக்கும் ஒக்ஸ்போட் அகராதி பற்றி

யாழ்ப்பாணத்தில் அகராதி வாங்கப் போகிறவர் பெரும்பாலும் "இங்கிலிஷ்–தமிழ் இருக்கோ?" என்றுதான் கேட்பார். கடைக்காரரும் உள்ளங்கை அகலத்தில் ஒன்றை எடுத்து வைப்பார். மலிவு, பள்ளிக்கூடப் பைக்குள் ஒரு மூலையில் கிடக்கும், சாமான் சக்கட்டுகளின் பெயர் அறிய அது தாராளம். நான் எழுதப்போவது அதற்குப் பக்கத்தில், மேல் தட்டில், ஒருவரும் கேட்காமல் தூசி பிடித்து நிற்கும் தடித்த புத்தகத்தைப் பற்றி: ஒக்ஸ்போட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்ஷனரி. ஆங்கிலத்துக்கு ஆங்கிலம். உள்ளே ஒரு தமிழ் எழுத்துக்கூடக் கிடையாது. அதனாலேயே நம் ஆட்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் நீதிமன்றத்துக்குக் கிட்ட ஒரு சின்ன அறையில் மொழிபெயர்ப்பும் தட்டச்சும் செய்கிறவன். காணி உறுதி, சத்தியக் கடதாசி, பிறப்புச் சான்றிதழ், வெளிநாட்டு விசாவுக்கான கடிதங்கள். சான்றிதழில் தலையிடி இல்லை, பெயரும் திகதியும்தானே. ஒருவர் ஏன் செய்தார், என்ன நினைத்துச் செய்தார், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எழுத வருகிற இடத்தில்தான் ஆங்கிலம் மக்கர் பண்ணும். எண்ணத்துக்கும் முக்கியத்துக்கும் அந்த மொழியில் ஒரு கூடை சொற்கள். ஒவ்வொன்றும் வேறொரு வேலையையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கொக்குவிலிலிருந்து ஒரு அம்மா வந்தா. மகள் கனடாவில், குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்கப் போகவேண்டும். மருமகன் தானே ஒரு கடிதம் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். "தம்பி, இதைப் பாத்து அடிச்சுத் தாங்கோ" என்று போனை நீட்டினா. நடுவில் ஒரு வரி: "மை மதர்-இன்-லோ ஹாஸ் நோ ஐடியா டு ஸ்டே இன் கனடா." அவர் மனதில் ஓடிய தமிழ் எனக்கு அப்படியே கேட்டது. மாமிக்கு அங்கே நிற்கிற எண்ணம் இல்லை. நல்ல தமிழ், நல்ல மருமகன். ஆனால் "ஹாஸ் நோ ஐடியா" என்று விசா அதிகாரி வாசித்தால் மாமிக்கு ஒன்றும் விளங்காது என்றுதான் முதலில் படும்.

"ஐடியா எண்டா நல்ல சொல்லெல்லோ தம்பி?"

"நல்ல சொல்தான் அம்மா. இந்த இடத்தில அது உங்களுக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்லிப்போடும்."

கைக்கடக்கமான இருமொழி அகராதி இந்த இடத்தில் உதவாது. ஐடியாவுக்கு நேரேயும் எண்ணம், கருத்து என்று இருக்கும். இன்டென்ஷனுக்கு நேரேயும் எண்ணம், கருத்து, நோக்கம் என்று இருக்கும். நடுவில் ஒரு காற்புள்ளி. எதை எடுப்பது என்று அந்தக் காற்புள்ளி சொல்லாது. ஒக்ஸ்போட்டில் இன்டென்ஷனைத் திறந்தால் சொல்லுக்குப் பக்கத்திலேயே அது எப்படி வாக்கியத்தில் உட்காரும் என்று போட்டிருக்கும்: பின்னால் "ஒவ்" வந்தால் வினை "இங்" என்று முடியும். அதைப் பார்த்து "ஹாஸ் நோ இன்டென்ஷன் ஒவ் ஸ்டேயிங்" என்று திருத்திக் கொடுத்தேன். பொருளை அறிந்தவருக்கும் வடிவம் தெரியாவிட்டால் கை நடுங்கும். இந்தப் புத்தகத்தின் உயிர் அந்த வடிவத்தில்தான் இருக்கிறது.

இது தற்செயல் இல்லை. அகராதியைத் தொடக்கிய ஏ. எஸ். ஹோர்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். ஆங்கிலேயப் பிள்ளை ஒருபோதும் விடாத பிழைகளை மற்ற மொழிக்காரர் எந்தெந்த இடத்தில் விடுவார்கள் என்று வகுப்பில் நின்று பார்த்தவர். முதல் பதிப்பு 1942 இல் டோக்கியோவில் வெளிவந்தது. ஒக்ஸ்போட் அச்சகம் அதை 1948 இல் தன் பெயரில் போட்டது. பத்தாம் பதிப்பு 2020 இல் வந்தது. என்னிடம் உள்ளது எட்டாவது, 2010.

இதில் எனக்குப் பிடித்தது சொற்களை ஒப்பிட்டுக் காட்டும் பெட்டிகள். "பேர்ப்பஸ்" என்ற சொல்லின் கீழ் ஒரு பெட்டி உண்டு. எய்ம், இன்டென்ஷன், பிளான், பொயின்ட், ஐடியா எல்லாவற்றையும் ஒரே பாயில் இருத்தி, யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்கிறது. பேர்ப்பஸ் என்றால் ஒரு காரியம் எதற்காக இருக்கிறது என்பது. எய்ம் என்றால் அடைய நினைப்பது. இன்டென்ஷன் என்றால் செய்ய நினைத்திருப்பது. விசாப் படிவத்தில் "பேர்ப்பஸ் ஒவ் விசிட்" என்று கேட்கிற இடத்தில் நம் ஆட்கள் மனதில் உள்ளதையெல்லாம் கொட்டி எழுதுவார்கள்: மகளைப் பார்க்க ஆசை, வயது போகிறது, பேரனைத் தூக்கவேண்டும். படிவம் கேட்பது அந்தப் பயணம் எதற்கு என்று மட்டும்தான். உறவினரைப் பார்க்க. முடிந்தது. ஆசையும் வயதும் கூடவே வைக்கிற கடிதத்துக்குப் போகட்டும்.

"ஒன் பேர்ப்பஸ்" வேறு கதை. அது வேண்டுமென்றே செய்தது. "ஹீ புரோக் இட் ஒன் பேர்ப்பஸ்" என்றால் ஏதோ நல்ல நோக்கத்துக்காக உடைத்தான் என்று நினைத்துவிடக் கூடாது. "டு ஓல் இன்டென்ட்ஸ் அன்ட் பேர்ப்பசஸ்" இன்னும் மோசம். எண்ணமும் இல்லை, நோக்கமும் இல்லை, "நடைமுறையில் பார்த்தால்" என்று மட்டும் பொருள். ஒரு பழைய உடன்படிக்கையில் இதை யாரோ "சகல எண்ணங்களுக்கும் நோக்கங்களுக்கும்" என்று சொல்லுக்குச் சொல் தமிழாக்கி முத்திரையும் குத்தியிருந்ததைக் கண்டிருக்கிறேன்.

இனி "மீன்" என்ற ஆங்கிலச் சொல். இந்தச் சொல்லுக்கு ஒரு மாலை ஒதுக்கினாலும் தகும். வினையாக எடுத்தால் பொருள்படுவது, சொல்ல வந்தது, செய்ய நினைத்தது, ஒருவருக்கென்று வைத்தது, விளைவது, ஒருவருக்கு எவ்வளவு பெறுமதி என்பது, எல்லாம் அதற்குள் அடங்கும். எண்ணமும் முக்கியமும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பது இங்கேதான். "ஐ டிட்ன்ட் மீன் டு" என்றால் வேண்டுமென்று செய்யவில்லை. "யூ மீன் எ லொட் டு மீ" என்றால் நீ எனக்குப் பெரிது. "இட் மீன்ஸ் வெயிட்டிங்" என்றால் காத்திருக்க வேண்டி வரும். பின்னால் "டு" வந்தால் நினைப்பு, "இங்" வந்தால் விளைவு. நீண்ட பதிவில் வாசகர் தொலைந்துபோகாமல் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் சின்னத் தலைப்பு போட்டிருக்கிறார்கள். அந்தத் தலைப்புகளை மட்டும் கண்ணால் ஓட்டினால் வேண்டிய இடம் அகப்பட்டுவிடும்.

பெயரடையாக வந்தால் கதை மாறும். பிரித்தானியர் "மீன்" என்றால் கஞ்சன். அமெரிக்கர் சொன்னால் கெட்ட குணம். பேச்சில் "எ மீன் குக்" என்றால் சமையலில் புலி. கணக்குப் பாடத்தில் சராசரி. இவை எல்லாம் ஒரு வேரில் கிளைத்தவையும் அல்ல. வினை பழைய ஆங்கிலத்தது. கஞ்சன் "மீன்" முதலில் "பொதுவான" என்ற பொருளில் இருந்து, பிறகு தாழ்ந்து, பிறகு கஞ்சத்தனத்துக்கு இறங்கியது. சராசரி "மீன்" பிரெஞ்சு வழியாக இலத்தீனின் "நடு" என்ற சொல்லிலிருந்து வந்தது. மூன்று குடும்பம், ஒரே வீட்டு இலக்கம்.

முக்கியத்துக்கு வருவோம். நம்மூர் ரியூசன் குறிப்புகளில் எல்லாமே "வெரி இம்போர்ட்டன்ட்", அடியில் இரட்டைக் கோடு. எல்லாம் முக்கியம் என்றால் சோதனைக்கு எதைப் படிப்பது? "எசென்ஷியல்" என்ற பதிவின் பெட்டி இதில் எனக்குக் கண் திறந்த இடம். எசென்ஷியல், வைட்டல், குரூஷியல் இவற்றுக்குள் பொருளில் பெரிய வித்தியாசம் இல்லை என்று முதலிலேயே ஒத்துக்கொள்கிறது. பிறகு தொனியைச் சொல்கிறது. எசென்ஷியல் அதிகாரத்தோடு ஒன்றை எடுத்துரைக்கும். வைட்டல் சொல்கிறவரிடம் ஒரு பதற்றம் இருக்கும், மற்றவரை நம்பவைக்கும் தேவை இருக்கும். எனக்கு இது நேரே வேலைக்கு உதவியது. கந்தோருக்கு எழுதும் கடிதத்தில் "வைட்டல்" என்று போட்டால் கெஞ்சுகிற மாதிரி விழும். "எசென்ஷியல்" என்றால் நிமிர்ந்து நிற்கும். இதை எந்த இருமொழி அகராதியும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

கம்பஸ் பிள்ளைகள் ஆய்வுச் சுருக்கம் கொண்டு வருவார்கள். "சிக்னிபிகன்ட்" எங்கே வந்தாலும் "முக்கியமான" என்று போட்டிருப்பார்கள். பொது எழுத்தில் சரி. புள்ளிவிபரத்தில் அது வேறு: கிடைத்த வித்தியாசம் வெறும் தற்செயலால் வருவது அரிது என்று மட்டும்தான் பொருள். அப்படித் தற்செயலாக வரும் வாய்ப்புக்கு 100க்கு 5 என்ற எல்லையைப் புள்ளிவிபர அறிஞர் ரொனால்ட் பிஷர் 1925 இல் எழுதிய புத்தகம் பரப்பியது. நிறையப் பேரை எடுத்த பெரிய மாதிரியில் ஒரு துளி வித்தியாசமும் "சிக்னிபிகன்ட்" ஆகும். அதை "முக்கியமானது" என்று தமிழில் எழுதினால் ஆய்வு சொல்லாத ஒன்றைச் சொன்னதாகிவிடும். இதற்கு இந்த அகராதியை நம்பி இருக்காதீர்கள். புள்ளிவிபரப் பாடநூலைத் திறவுங்கள்.

சட்டத்திலும் அதே எல்லை. "இன்டென்ட்" சட்டச் சொல் என்று அகராதி அடையாளம் போட்டுக் காட்டும்; அதோடு அதன் கடமை முடிந்தது. நமது தண்டனைச் சட்டக்கோவை, 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், 293 ஆம் பிரிவில் மரணத்தை விளைவிக்கும் எண்ணத்தையும், மரணம் விளையக்கூடும் என்ற அறிவையும் தனித்தனியே வைக்கிறது. கொல்ல நினைத்தான் என்பதும், சாகக்கூடும் என்று தெரிந்தும் செய்தான் என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் "கருதி" என்று ஒரே சொல்லில் குழைத்தால் ஆளின் தலைவிதியே மாறலாம். காப்புறுதிப் படிவத்தில் "மெட்டீரியல் ஃபக்ட்" என்றால் பொருள்சார்ந்த உண்மையும் இல்லை, துணியும் இல்லை. காப்புறுதிக்காரர் ஏற்பதா விடுவதா என்று முடிவெடுக்கும்போது கணக்கில் எடுக்கும் உண்மை. மாரடைப்பு வந்ததை மறைத்தால் பிறகு காசு வராது. இந்த "மெட்டீரியல்" முக்கியம் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது நான் இன்னும் வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதியைத்தான் எடுப்பேன். 1862 இல் சென்னையில் அச்சானாலும் நைற் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் தொடங்கிவைத்த வேலை அது. வின்சுலோவும் உடுவிலில் இருந்தவர். கொஞ்சம் ஊர்ப்பெருமை, விடுங்கள்.

புத்தகமாக எப்படி? கனம். மடியில் வைத்து வாசிக்கிற சாமான் இல்லை. தாள் மெல்லியது, மறுபக்க எழுத்து லேசாகத் தெரியும். என் வயதுக்கு எழுத்து சிறிது. கட்டு உறுதியானது. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஊரில் ஒரு கடையில் பாதி விலைக்கு வாங்கிய முதல் பிரதி போட்டோக்கொப்பி அச்சு. முக்கியமான சொற்களுக்குப் பக்கத்தில் போடும் சாவிக் குறி கறுப்புப் புள்ளியாகிக் கிடந்தது, "பி" எழுத்தில் சில பக்கங்களே இல்லை. திருப்பிக் கொண்டுபோனபோது "அண்ணை, விக்கிற விலைக்கு இதுதான்" என்றார்கள். கடையிலேயே நடுப்பக்கத்தை விரித்து, ஒப்பீட்டுப் பெட்டிகள் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இணையத்தில் ஒக்ஸ்போட் லேர்னர்ஸ் டிக்ஷனரி தளம் இலவசம். உச்சரிப்பும் கேட்கலாம், சொல்லின் பிறப்பும் அங்கே உண்டு. பிறகு ஏன் புத்தகம் என்றால், 2022 பங்குனி கடைசியில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்களில் போன் செத்துக்கிடந்தது, கடிதங்கள் நிற்கவில்லை. இன்னொன்று, திரையில் தேடிய சொல் மட்டும் வரும். தாளில் இன்டென்ட் பார்க்கப் போனால் பக்கத்திலேயே இன்டென்ஷனல் நிற்கும், கண் தானாகப் போகும்.

ஓஎல் வரை படிக்கும் பிள்ளைக்கு இது அவசரமில்லை. ஆங்கில விளக்கத்தை வாசிக்கவே திணறினால் அலுமாரியில்தான் கிடக்கும். ஏஎல் படிப்பவர், கம்பஸ் பிள்ளைகள், கந்தோரில் ஆங்கிலக் கடிதம் எழுதுகிறவர், என் மாதிரித் தொழில் செய்கிறவர் வாங்கலாம். புதிய பதிப்புத்தான் வேண்டும் என்றில்லை. எட்டாம் பதிப்பு இரண்டாம் கையில் அகப்பட்டால் எடுத்துவிடுங்கள், மேலே சொன்ன பெட்டிகள் அதிலேயே இருக்கின்றன.