யூரியாவா, மாட்டெருவா? தம்பலகாமத்து வயலுக்கு எது?

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், தம்பலகாமத்தில் நெல் வேளாண்மை செய்கிற எங்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தபோது பட்டே அறிந்துகொண்டோம்.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன், பயிரை வளர்க்கிற சத்து. 50 கிலோ மூட்டை ஒன்றில் 23 கிலோ. பச்சைச் சாணத்தில் அரைச் சதவீதம் அளவில்தான் இருக்கும். அதே நைதரசனுக்கு நாலரைத் தொன் வேண்டும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் மாட்டுப்பட்டி இருந்தாலும், அவ்வளவையும் ஏற்றி இறக்க ட்ரக்டர் கூலிக்கு எங்கே போவது? தடை வந்த வேகத்தில் மாற்று வந்து சேரவில்லை. அந்த நவம்பரிலேயே தடையை விலக்கினார்கள்.

ஆனால் யூரியாவின் வேகமே அதன் கேடு. தேங்கிய நீரில் வீசினால் ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றில் போகிறது. இன்னொரு பங்கு வடிகால் வழியே தம்பலகாமக் குடாப் பக்கம் இறங்குகிறது. நீரில் நைதரசன் கூடினால் பாசி பெருகும். அது அழுகும்போது ஒட்சிசன் குறையும். அந்தக் குடாவை நம்பி மீனும் இறாலும் பிடிக்கிற சனம் இருக்கிறது. அவர்களை நினைத்தால் மனம் பொறுப்பதில்லை.

மாட்டெரு மெதுவாகக் கரையும், மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். சரி, அதிலும் குறை உண்டு: உக்காத சாணத்தைத் தண்ணீர் நிற்கும் வயலில் போட்டால் பூமியைச் சூடாக்கும் மீதேன் வாயு கூடும், களை விதையும் வரும்.

நான் செய்வது இரண்டும்தான். உழவோடு உக்கிய எரு, அப்புறம் இலையின் நிறம் பார்த்து யூரியாவைப் பிரித்துப் பிரித்து. மழை கறுத்து வரும் நாளில் மூட்டையை அவிழ்ப்பதே இல்லை.