ரங்கூனுக்கு ஏற்ற வாட்ச்: அமேஸ்ஃபிட் பிப் எஸ்

ரங்கூனில் இருப்பவர்கள் ஸ்மார்ட்வாட்ச் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. மற்றதெல்லாம் அப்புறம்தான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அக்கா மகன், "சித்தி, ஆப்பிள் வாட்சே வாங்கி அனுப்புகிறேன்" என்றான். ஆசையாகத்தான் சொன்னான். எனக்கு அமேஸ்ஃபிட் பிப் எஸ் போதும் என்று சொல்லி அதையே வரவழைத்துக்கொண்டேன். 2020ல் வந்த மாடல் அது.

ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 9க்கு அந்தக் கம்பெனியே சொல்லும் கணக்கு 18 மணி நேரம். தினமும் சார்ஜ் போட்டே ஆக வேண்டும். இங்கே கரண்ட் முறை வைத்து வருகிறது, அந்த முறையும் அடிக்கடி மாறிவிடுகிறது. வந்த நேரத்துக்குள் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டும், சோறு ஆக்க வேண்டும், வீட்டிலுள்ள எல்லா போனும் பவர் பேங்கும் சார்ஜ் ஆக வேண்டும். இதோடு வாட்சையும் சேர்க்க எனக்கு மனமில்லை. பிப் எஸ்ஸுக்கு 40 நாள் என்று கம்பெனி சொல்கிறது. நான் இதயத் துடிப்பை இடைவிடாமல் அளக்க வைத்திருப்பதால் அத்தனை நாள் வராது. இருந்தாலும் மூன்று வாரத்தைத் தாண்டிவிடுகிறது.

இதற்குக் காரணம் திரைதான். வெளிச்சத்தைத் தானே உமிழாமல், மேலே படும் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டுகிற வகை. அதனால் நாள் முழுக்க அணையாமல் இருக்கிறது. அனௌரதா சாலையில் காளியம்மன் கோயில் பக்கம் உச்சி வெயிலில் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு நின்றாலும் மணி பளிச்சென்று தெரியும். வீட்டுக்குள் இதுவே மங்கல்தான், பின்விளக்கு எரிந்தால்தான் சரியாகப் படிக்க முடியும். படம்போல் மின்னும் திரை வேண்டுமென்றால் இது வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அதிர்வு அலாரம். விடியற்காலை மூன்று மணிக்கு எங்கள் பகுதியின் முறை வந்தால் எழுந்து மோட்டார் போட வேண்டும். போனில் அலாரம் வைத்தால் மாமியாரும் பிள்ளைகளும் விழித்துக்கொள்வார்கள். இது என் மணிக்கட்டை மட்டும் உலுக்குகிறது. இந்த ஒன்றுக்காகவே இதை யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

50 மீட்டர் ஆழ அளவுக்குத் தண்ணீர் தாங்கும் தரம். ஏப்ரல் தண்ணீர்த் திருவிழாவில் தெருவில் நனைந்தாலும் கழற்ற வேண்டியதில்லை. எடை 31 கிராம், தூங்கும்போதும் உறுத்தாது. நடைப்பயிற்சிக்கு ஜிபிஎஸ் உண்டு. போனில்லாமலே கண்டாஜி ஏரிக்கரையில் நடந்த தூரத்தைக் காட்டும்.

மைக், ஸ்பீக்கர் கிடையாது. வாட்சில் பேச முடியாது, வந்த செய்தியைப் படிக்கலாம், பதில் அனுப்ப முடியாது. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. ஆப்பிள் வாட்சைத் தட்டிப் பணம் கட்டும் வசதி இந்த நாட்டுக்கு வரவேயில்லை, அதற்கு எதற்குக் காசு?

ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கில்லை, கவனமாக இருங்கள் என்று டாக்டர் சொன்னவர்களுக்கு நிலைமை வேறு. ஈசிஜி எடுக்கும் வாட்ச்கள் இருக்கின்றன, பிப் எஸ்ஸில் அது இல்லை. அவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு, அப்படியொன்றை வாங்குவதே சரி, தினமும் சார்ஜ் போட வேண்டியிருந்தாலும் சகித்துக்கொள்ளலாம்.

பழைய மாடல் என்பதால் கைமாறி வந்ததுதான் அதிகம் கிடைக்கும். வாங்குமுன் வெயிலில் கொண்டுபோய்த் திரையைப் பாருங்கள், வலப்பக்கமுள்ள ஒரே பட்டனை அழுத்திப் பாருங்கள். வார் நைந்திருந்தால் கவலை வேண்டாம். 20 மில்லிமீட்டர் வார் எதுவும் பொருந்தும்.